கேமை இறக்கியாச்சா? இன்னும் திறக்க வேண்டாம்: முதல்முறை விளையாடுகிறவர்களுக்கு ஒரு தரவு வழிகாட்டி

கேமை இறக்கியாச்சா? சரி. ஆனால் ஐகனை இன்னும் தட்ட வேண்டாம், எனக்கு ஒரு அரை மணித்தியாலம் தாருங்கள். ஒரு கேம் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவதில் பெரும்பகுதியை முதல் சில நிமிடங்களிலேயே எடுத்துவிடுகிறது, அதுவும் விளையாடும் அவசரத்தில் வருகிற பெட்டி எல்லாவற்றுக்கும் 'அலவ்', 'அக்செப்ட்' என்று நாம் விரலை ஓட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில். அப்படிப் போன தரவைத் திருப்பி வாங்குவது பெரும் பாடு. அதனால் இங்கே சொல்லப்போகிறவற்றில் பாதிக்கு மேல் கேமைத் திறப்பதற்கு முன்னால் செய்கிற வேலைகள்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்டில் புதுப் போன் வாங்குகிற பிள்ளைகள் அதைச் சரிபண்ணித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். ஃபிரீ ஃபயர், பப்ஜி, ரொப்லொக்ஸ், லூடோ, எப்போதும் இவைதான். அவர்களுக்கும் அவர்களின் அம்மா அப்பாவுக்கும் நான் ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

எடுப்பது என்ன, அது எப்படிக் காசாகிறது

ஒரு லூடோ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர்கள் விளம்பரம் கொடுக்கிறவர்களைத் தாங்களே தேடிப் போவதில்லை. விளம்பர நிறுவனங்கள் ஆயத்தமாகச் செய்து கொடுக்கும் ஒரு நிரல் துண்டை, எஸ்டிகே என்பார்கள், கேமுக்குள் சேர்த்துவிடுகிறார்கள். அந்தத் துண்டு உங்கள் போனின் விளம்பர ஐடி (விளம்பரக்காரர்கள் உங்களை அடையாளம் காணப் போனில் இருக்கும் ஓர் எண்), போன் மாடல், மொழி, ஐபி முகவரி, நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால் நிற்கிற இடம் எல்லாவற்றையும் வெளியே அனுப்பும். திரையில் ஒரு விளம்பரம் வருவதற்கு முந்திய கண நேரத்தில் அந்த இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. ஏலம் கேட்கிற எல்லோருக்கும் உங்கள் விவரம் போய்ச் சேரும், தோற்றுப்போகிறவருக்கும் சேர்த்துத்தான். அங்கே விளம்பரம் போடும் எண்ணமே இல்லாமல் விவரத்தைச் சேர்ப்பதற்காக மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிற தரவு வியாபாரிகளும் இருக்கலாம்.

இது கற்பனை இல்லை. கிரேவி அனலிட்டிக்ஸ் என்று ஓர் அமெரிக்க நிறுவனம், ஆட்களின் இட விவரத்தை விற்பதுதான் அதன் தொழில். 2025 ஜனவரியில் அங்கிருந்து களவு போன கோப்புகள் வெளியே வந்தபோது, விவரம் வந்த செயலிகளின் பட்டியலில் கேண்டி கிரஷும் இருந்தது. தங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சில செயலிக்காரர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது: கேமைச் செய்தவருக்கே தெரியாத வழியில் உங்கள் விவரம் போகும் என்றால் அவர் தரும் உறுதிமொழிக்கு என்ன பெறுமதி?

அடுத்தது விளம்பரத்தோடு சம்பந்தமே இல்லாதது. நீங்கள் எந்த லெவலில் தோற்றீர்கள், தோற்றதும் எத்தனை விநாடியில் திரும்பத் தொடங்கினீர்கள், இரவு எத்தனை மணி வரை இருந்தீர்கள், கேமின் கடைக்குள் போய் எந்த உடுப்பை நீண்ட நேரம் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தீர்கள் என்று எல்லாவற்றையும் கேம் பதிந்துகொள்ளும். உங்களிடம் எப்போது, எதை, என்ன விலைக்கு நீட்டினால் வாங்குவீர்கள் என்று கணிக்க அது உதவும். யாருடன் யாரை மோதவிட்டால் பொருள் வாங்கத் தோன்றும் என்று பார்த்து ஆட்களைச் சேர்க்கும் ஒரு முறைக்கு அக்டிவிஷன் நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதைத் தங்கள் கேம்களில் பயன்படுத்தவில்லை என்றது நிறுவனம். இருக்கட்டும், யோசனை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் காப்புரிமையே போதும்.

மூன்றாவது, கொம்பனியே கைமாறுவது. பொக்கெமொன் கோ விளையாடியவர்கள் வருடக்கணக்காக நடந்த பாதைகளும், போன் கமராவால் இடங்களை எடுத்துக் கொடுத்த ஸ்கேன்களும் அதைச் செய்த நியன்டிக் நிறுவனத்திடம் இருந்தன. அந்த ஸ்கேன்களையும் வைத்து உலகத்தின் இடங்களை அடையாளம் காணும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைச் செய்துவருவதாக 2024 நவம்பரில் நியன்டிக் சொன்னது. 2025 மார்ச்சில் தன் கேம் தொழிலை 3.5 பில்லியன் டொலருக்கு ஸ்கோப்லி என்ற கேம் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. ஸ்கோப்லியின் உரிமையாளர் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான சவி கேம்ஸ். காலிமுகத்திடலில் பொக்கெமொன் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை 2016இல் 'அக்செப்ட்' அழுத்தியபோது இதில் எதற்குத்தான் சம்மதம் சொல்லியிருக்க முடியும்?

காசு கொடுத்து வாங்கிய கேம் என்றால் தப்பிவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். ஒஸ்திரியாவில் இருக்கும் நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு 2025 ஏப்ரலில் யூபிசொஃப்ட் என்ற கேம் நிறுவனம் மீது முறைப்பாடு கொடுத்தது. அவர்களின் ஃபார் க்ரை பிரைமல் என்ற கேம், தனியாக இருந்து விளையாடுவது, இணையமே தேவைப்படாதது. அதை வாங்கிய ஒருவர் பார்த்தபோது பத்து நிமிடத்துக்குள் 150 தடவை வெளிச் சர்வர்களோடு அது தொடர்பு கொண்டிருந்தது என்பதுதான் முறைப்பாடு. பத்து நிமிடம்! ஐகனைத் தட்ட வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

படி 1: இறக்கும் பக்கத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள்

பிளே ஸ்டோரில் கேமின் பக்கத்தைக் கீழே தள்ளினால் 'டேட்டா சேஃப்டி' என்று ஒரு பகுதி வரும். ஐபோன் என்றால் 'அப் பிரைவசி'. அதைத் தட்டி, என்ன சேர்க்கிறார்கள், என்ன பகிர்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அதை எழுதிக் கொடுப்பது கேம் நிறுவனமே, கூகுள் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் போடுவதில்லை. இன்னொன்று, தங்களுக்காக வேலை செய்கிற சேவை நிறுவனத்துக்கு அனுப்பும் தரவைக் கூகுளின் விதி 'பகிர்வு' என்றே கணக்கெடுப்பதில்லை. ஆகவே 'யாருடனும் பகிர்வதில்லை' என்று இருந்தால் அதை நம்பிக் கண்ணை மூட வேண்டாம். மாறாக 'லொகேஷன் பகிரப்படும்' என்று அவர்களே எழுதியிருந்தால், சொந்த வாயால் சொல்கிறார்கள், நம்பிவிட்டு வேறு கேம் தேடுங்கள். லூடோ விளையாட நீங்கள் இருப்பது தெஹிவளையா கொட்டாஞ்சேனையா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

டெலிகிராமில் வருகிற 'மோட்' கேம் (யாரோ மாற்றியமைத்தது), 'அன்லிமிடெட் டயமண்ட்' ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே வரும் செயலிக் கோப்பு), இவை எதையும் போட வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதே போனில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கிறது.

பப்ஜி மொபைலை 2020 செப்டெம்பரிலும் ஃபிரீ ஃபயரை 2022 பெப்ரவரியிலும் இந்தியா தடைசெய்தது, தரவு நாட்டுக்கு வெளியே போவதையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி. நம் நாட்டில் அப்படித் தடை வரவில்லை, எல்லோரும் விளையாடுகிறார்கள், அதனால் கவனம் நம் கையில்தான். சீனாவின் கேம், சிங்கப்பூரின் கேம் என்று மட்டும் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கட்டுரையில் வரும் அபராதக் கதைகளில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களுடையவை.

படி 2: விளம்பர ஐடியை அழியுங்கள்

எல்லாப் படிகளிலும் சின்னது இது, பலனோ பெரியது. அண்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் 'கூகுள்' என்பதைத் தட்டி 'அட்ஸ்' என்ற இடத்துக்குப் போங்கள் (சில போன்களில் 'பிரைவசி'க்குள் இருக்கும்). அங்கே 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' இருக்கும், போன் தமிழில் இருந்தால் விளம்பர ஐடியை நீக்கு என்று வரும். நீக்குங்கள். லூடோவில் இருக்கிற உங்களையும் வேறொரு ஷொப்பிங் செயலியில் இருக்கிற உங்களையும் ஒரே ஆள் என்று இணைக்க அந்த எண்தான் அவர்களுக்குச் சுலபமான வழி. அதை அழித்தாலும் விளம்பரம் வரும், உங்களைக் குறிவைத்து வருவது குறையும்.

ஐபோனில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'டிராக்கிங்'. 'அலவ் அப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்' என்பதை மூடிவிடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த வசதி இது. அதற்குப் பிறகு கேம் உங்களிடம் கேட்கவே வராது, கேட்டு மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

படி 3: கணக்கு

கேமுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். வங்கிக்கும் வேலைக்கும் கொடுத்த முகவரி வேண்டாம், பாஸ்வேர்டும் வேறாக இருக்கட்டும். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்குக்குள் புகுந்தவர்கள் சுமார் 77 மில்லியன் கணக்குகளின் விவரத்தை எடுத்தார்கள், 2019இல் சிங்கா என்ற கேம் நிறுவனத்திடமிருந்து 170 மில்லியனுக்கும் மேல். களவு போன மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் எடுத்து மற்ற இடங்களில் எல்லாம் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்கள் முதலில் செய்வது. இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஒரு கோட்டையும் கேட்பது) இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

ஃபேஸ்புக்கால் உள்ளே போகிற பழக்கத்தை விடுங்கள். அது சுலபம்தான், ஆனால் உங்கள் உண்மைப் பெயர், படம், அதே கேமை விளையாடும் நண்பர்கள் யார் என்பதெல்லாம் கேம் பக்கம் போக வழி திறக்கிறது, நீங்கள் இந்தக் கேம் விளையாடுவது ஃபேஸ்புக்குக்கும் தெரிகிறது. ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளால் உள்ளே போய் மின்னஞ்சலை மறைக்கும் வசதி இருக்கிறது, அது நல்லது. பதியாமலே விளையாடும் 'கெஸ்ட்' கணக்கில் விவரம் மிகக் குறைவாகப் போகும், ஆனால் போன் தொலைந்தால் கணக்கும் போய்விடும், காசு போட்டு விளையாடுகிறவர்களுக்குச் சரிவராது.

விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயர், பிறந்த வருடம், பள்ளிக்கூடம், இடம் எதுவும் வேண்டாம். நம் பிள்ளைகள் பெயரோடு பள்ளிக்கூடத்தின் சுருக்கத்தையும் பட்ச் வருடத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள், பெருமைக்காக. அதைப் பார்க்கிற முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்த வாசலால் இரண்டு மணிக்கு வெளியே வரும் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் வேண்டாம்.

பிறந்த திகதி பற்றிப் பெற்றோரிடம் கொஞ்சம் கதைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு 2000 என்று பிறந்த வருடம் போட்டுக் கொடுப்பது இங்கே சாதாரணம், இல்லாவிட்டால் கேம் உள்ளே விடாது என்பார்கள். அப்படிப் போட்டதும் அந்தப் பிள்ளை நிறுவனத்தின் கண்ணில் பெரிய ஆள். சிறுவருக்கு என்று இருக்கும் காப்பு எதுவும் கிடைக்காது, முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வழி திறந்திருக்கும், பெரியவர்களுக்கான விளம்பரம் வரும். உண்மையான திகதியைப் போட்டு, பெற்றோர் கணக்கின் கீழ் பிள்ளைக் கணக்காகத் திறவுங்கள். கூகுள் ஃபமிலி லிங்க், மைக்ரோசொஃப்ட், பிளேஸ்டேஷன் எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு. அதுவும் முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் பதிவை முடிக்காமல் விட்ட பிள்ளைகளின் விவரத்தையும் எக்ஸ்பொக்ஸ் வருடக்கணக்கில் வைத்திருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2023 ஜூனில் மைக்ரோசொஃப்ட் 20 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. ஸ்பொஞ்ச்பொப் பெயரில் வந்த சமையல் கேம் ஒன்றில் பிள்ளைகளின் தரவைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேர்த்துப் பகிர்ந்ததாக டில்டிங் பொயின்ட் என்ற நிறுவனம் மீது கலிபோர்னியாவில் வந்த வழக்கு 2024 ஜூனில் 5 இலட்சம் டொலரில் முடிந்தது. இருந்தும் உண்மை வயதைப் போட்டால்தான் இப்படிக் கேள்வி கேட்கவாவது ஒரு பிடி இருக்கும்.

அம்மாவின் போனில்தான் பிள்ளை விளையாடுகிறதா? கொழும்பில் பாதி வீடுகளில் அப்படித்தான். அந்தப் போனில் வங்கி இருக்கிறது, வட்ஸ்அப் இருக்கிறது, குடும்பப் படங்கள் இருக்கின்றன. பல அண்ட்ரொய்டு போன்களில் இரண்டாவது பயனர் ஒருவரைச் சேர்க்கலாம், சிலவற்றில் 'செகண்ட் ஸ்பேஸ்' என்ற பெயரில் இருக்கும். கேமை அந்தப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடுங்கள், கொண்டக்ட்ஸும் படங்களும் இந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

படி 4: இப்போது திறக்கலாம்

திறந்ததும் பெட்டிகள் வரிசையாக வரும். இங்கேதான் விரலை அடக்க வேண்டும். சம்மதப் பெட்டியில் பெரிய பச்சைப் பொத்தான் 'அக்செப்ட் ஆல்' என்று இருக்கும், பக்கத்திலோ கீழேயோ மங்கிய எழுத்தில் 'மேனேஜ்' அல்லது 'மோர் ஒப்ஷன்ஸ்' இருக்கும். மங்கியதைத் தட்டுங்கள். விளம்பரத்துக்கான எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சேமியுங்கள்.

அடுத்து அனுமதிகள். கீழ் மாடித் தம்பி ஒருவனின் போனை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். கார் ரேஸ் கேம் ஒன்று, அதற்கு லொகேஷன், மைக், கொண்டக்ட்ஸ் மூன்றையும் கொடுத்து வைத்திருந்தான். எதற்கடா காருக்கு உன் அம்மம்மாவின் நம்பர் என்று கேட்டேன், "கேட்டது, குடுத்தன்" என்றான். மூன்றையும் மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். கார் அதே வேகத்தில் ஓடியது, ஒன்றும் குறையவில்லை. அதனால் என் விதி இது: கேட்கிற எல்லாவற்றுக்கும் முதலில் 'டோன்ட் அலவ்'. உண்மையாகத் தேவை என்றால் விளையாட்டு நடுவில் நின்று திரும்பக் கேட்கும், அப்போது 'ஒன்லி திஸ் டைம்' கொடுக்கலாம்; திரும்பக் கேட்காவிட்டால் போனின் செட்டிங்ஸில் போய்த் திறக்கலாம். இடம் கட்டாயம் வேண்டிய பொக்கெமொன் கோ மாதிரிக் கேமுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்தவற்றைப் பார்க்க, ஐகனை அழுத்திப் பிடித்து 'அப் இன்ஃபோ', பிறகு 'பெர்மிஷன்ஸ்'. போன் அண்ட்ரொய்டு 12 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், மைக் திறந்திருக்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை நிறம் தெரியும், ஐபோனில் செம்மஞ்சள் புள்ளி. விளையாடும்போது அந்த மூலையையும் ஒரு கண் பாருங்கள்.

பிறகு கேமுக்குள் இருக்கும் செட்டிங்ஸ். குரல் அரட்டையை மூடுங்கள், அல்லது நண்பர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ஃபோர்ட்னைட்டில் குரலும் எழுத்தும் தொடக்கத்திலேயே திறந்த நிலையில் இருந்ததால் பிள்ளைகள் அந்நியர்களோடு மாட்டிக்கொண்டார்கள் என்பது அதைச் செய்த எபிக் கேம்ஸ் மீதான வழக்கின் ஒரு முக்கியமான பகுதி. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் 275 மில்லியன் டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது, தெரியாமல் அழுத்த வைத்து வாங்கச் செய்ததற்காக இன்னும் 245 மில்லியன் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனத்தைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் போடும் கேமில் குரல் எப்படி இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். குரலைப் பதிந்து வைக்க விதிகளில் இடம் வைத்திருக்கும் கேம்களும் உண்டு, வலோரன்ட் செய்யும் ரயட் 2021இல் தன் தனியுரிமை விதிகளில் அதைச் சேர்த்தது, கெட்ட வார்த்தை பேசுகிறவர்களைப் பிடிக்கத்தான் என்று சொல்லி. அந்த நோக்கம் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனாலும் பின்னால் வீட்டார் சண்டை பிடிப்பதும் அதே மைக்கில்தான் விழும்.

தனியாக விளையாடும் சின்னக் கேம் என்றால் இன்னும் சுலபம்: டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு விளையாடுங்கள். விளம்பரம் வராது, அந்த நேரம் ஒன்றும் வெளியே போகாது, ரீலோட் போட்ட டேட்டாவும் மிஞ்சும். திரும்ப இணைத்ததும் சேர்த்து வைத்ததை அனுப்பப் பார்க்கும், ஆகவே கேமை முழுதாக மூடிவிட்டு இணையுங்கள்.

படி 5: காசு போடும்போது

இங்கேதான் நம் ஊரில் அதிகம் பேர் அகப்படுகிறார்கள். கேமுக்குள் வங்கி அட்டை போட முடியாத பிள்ளைகள் வட்ஸ்அப்பில், ஃபேஸ்புக்கில் டொப்-அப் போட்டு, அதாவது கேமுக்குள் செலவழிக்கும் டயமண்ட் போன்றவற்றை ஏற்றித் தருகிறவர்களைப் பிடிக்கிறார்கள். ஒழுங்கான ஆள் உங்கள் பிளேயர் ஐடியை மட்டும் கேட்பார், ஃபிரீ ஃபயருக்கும் பப்ஜிக்கும் அந்த இலக்கம் போதும். மற்ற ஆள் எப்படி எழுதுவார் தெரியுமா? "தம்பி, டயமண்ட் பாதி விலைக்குப் போட்டுத் தாறன். லொகினும் பாஸ்வேர்டும் அனுப்பு, போனுக்கு ஒரு கோட் வரும், அதையும் உடனே அனுப்பு." பாஸ்வேர்ட் என்ற சொல் வந்ததுமே அந்த ஆளை ப்ளொக் பண்ணுங்கள். போனுக்கு வரும் கோட்டை யாருக்கும் சொல்லக் கூடாது, கேம் நிறுவனத்தின் ஆள் என்று சொன்னாலும் கூடாது. ஐடி வாங்குவதும் விற்பதும் அப்படித்தான், விற்ற கணக்கோடு உங்கள் பழைய அரட்டையும் நண்பர் பட்டியலும் சேர்ந்து போகும்.

போட்டிக்குப் பதியும்போது அடையாள அட்டைப் படம் கேட்கிறார்களா? புது 12 இலக்க அட்டையில் முதல் 4 இலக்கம் நீங்கள் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை மட்டும் கொடுத்தாலே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கொடுத்த மாதிரி. முன்பின் கேள்விப்படாத ஏற்பாட்டாளர் கூகுள் படிவத்தில் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஏற்றச் சொன்னால் அந்தப் போட்டியே வேண்டாம். பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை: 2025 ஒக்டோபரில், கேம் விளையாடுகிறவர்கள் கதைக்கும் அரட்டைச் செயலியான டிஸ்கோர்ட், தன் வாடிக்கையாளர் உதவி வேலையைச் செய்த வெளி நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை நிரூபிக்க அனுப்பிய படங்கள்தான் அவை. தவிர்க்கவே முடியாது என்றால், படத்தின் குறுக்கே எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தது என்று எழுதி, தேவையில்லாத விலாசத்தை மறைத்து அனுப்புங்கள்.

கணினி, பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள்

சுருக்கமாக. கணினிக் கேம் கடையான ஸ்டீமில் புரொஃபைலைத் திருத்தும் இடத்தில் 'பிரைவசி செட்டிங்ஸ்' போய் எல்லாவற்றையும் நண்பர்களுக்கு மட்டும் அல்லது 'பிரைவேட்'. பிளேஸ்டேஷன் 5இல் செட்டிங்ஸ், 'யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்', 'பிரைவசி' போய், நீங்கள் கொடுக்கும் தரவு என்ற இடத்தில் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள். எக்ஸ்பொக்ஸில் விருப்பத் தரவு என்று இருப்பதை மூடுங்கள். கேமிங் கஃபேயில் விளையாடினால் வெளியே வரும்போது லொக் அவுட் பண்ணுங்கள், பாஸ்வேர்டை நினைவில் வைக்கட்டுமா என்று பெட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே பல வருடம் விளையாடியவர்கள்

கேமை அழித்தால் கணக்கு அழியாது. இதைத்தான் நான் அதிகம் தடவை சொல்ல வேண்டி வருகிறது. போனிலிருந்து ஐகன் போகும், அவர்களின் சர்வரில் நீங்கள் அப்படியே இருப்பீர்கள். கணக்கை அழிக்கும் வசதியைச் செயலிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 நடுப்பகுதியிலிருந்து கட்டாயமாக்கியது, கூகுளும் பின்னர் அப்படி விதி போட்டது. ஆகவே கேமின் செட்டிங்ஸில் தேடினால் 'டிலீட் அக்கவுன்ட்' எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

அழிப்பதற்கு முன் அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் இதற்கென்று பக்கம் வைத்திருக்கின்றன, பலவற்றில் இலங்கையில் இருந்தும் கேட்க முடிகிறது. பக்கம் இல்லாவிட்டால் தனியுரிமை விதியின் அடியில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். பதிவுசெய்த மின்னஞ்சலில் இருந்தே, பிளேயர் ஐடியைக் குறிப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: என்னைப் பற்றி வைத்திருக்கும் தரவின் பிரதி, அது போன நிறுவனங்களின் பெயர்கள், பிரதி தந்தபின் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். நீங்கள்தானா என்று உறுதிசெய்ய அடையாள அட்டை கேட்டால், அதே மின்னஞ்சலுக்கு ஒரு கோட் அனுப்பி உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் கடிதத்தில் குறிப்பிடலாம்: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சபாநாயகர் 2022 மார்ச் 19 அன்று சான்றுப்படுத்தியது. இலங்கையில் இருக்கிறவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் அது கணக்கில் எடுக்கிறது, தன் தரவைப் பார்க்கவும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியமான பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன, பிறகு சட்டத்தில் திருத்தமும் வந்தது. இவ்வளவு வருடம் இழுத்தது எனக்குக் கோபம் தருகிற விஷயம், ஏனென்றால் அந்த வருடங்களில் எல்லாம் நம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தரவுப் பாதுகாப்பு அதிகார சபை என்று ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் பதில் தராவிட்டால் உங்கள் கடிதத்தின் பிரதியோடு அங்கே எழுதுங்கள். முறைப்பாடு வராத இடத்தில் அதிகாரிகள் தாமாக எழும்பி வேலை செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது.

கடைசியாக, போனையோ பிளேஸ்டேஷனையோ விற்கப்போகிறீர்கள் என்றால் ஒழுங்கு இதுதான். முதலில் கேம் கணக்குகளில் வேண்டாதவற்றை அழியுங்கள், அடுத்து வேண்டியவற்றிலிருந்து வெளியேறுங்கள், பிறகு ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் இணைத்திருக்கும் செயலிகளின் பட்டியலுக்குப் போய்ப் பழைய கேம்களை நீக்குங்கள், அதற்குப் பிறகு ஃபக்டரி ரீசெட். கடைக்காரர் 'நாங்களே ரீசெட் பண்ணுவோம், தந்துவிட்டுப் போங்கோ' என்றால் வேண்டாம், அங்கேயே நின்று உங்கள் கையால் செய்துவிட்டுக் கொடுங்கள்.